தள்ளாட்டமும் தயக்கமும்: ஆங்கில வினைச்சொற்கள் சிலவற்றின் இலக்கியப் பயில்வு பற்றிய ஒரு நோக்கு

1

ஒரு மொழியில் ஒரே பொருளைத் தருவனவாகக் கருதப்படும் சொற்கள் பல வழங்குமாயின், அவற்றை அம்மொழியின் வளத்துக்குச் சான்றாகக் காட்டி அமைந்துவிடுவது பொதுவான வழக்கம். அகராதிகளும் இவ்வழக்கத்துக்குத் துணைபோகின்றன. ஆங்கிலத்தில் நிலையற்ற அசைவைக் குறிக்கும் வினைகளை எடுத்துக்கொண்டால், 'ஸ்ரகர்' என்பதற்கு 'ரீல்' என்றும், 'ரீல்' என்பதற்கு 'ஸ்ரகர்' என்றும், இரண்டுக்கும் 'ரொற்றர்' என்றும் பொருள் கூறி வாசகனைச் சுற்றிச் சுற்றி அலையவிடும் அகராதிகள் பல உள. ஆங்கில–தமிழ் அகராதிகளைக் கையாளும் மாணவனின் நிலை இதனினும் இடர்ப்பாடானது. அவன் எச்சொல்லைத் தேடினும் 'தள்ளாடு', 'தடுமாறு', 'தயங்கு' என்னும் மூன்றனுள் ஒன்றே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கின்றது.

இவ்வினைகளை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வதனால் விளையும் இழப்பு சொல்நயம் பற்றியது மாத்திரமன்று. ஒரு மனிதன் நிலைதவறி நடக்கின்றான் என்றோ, ஒரு செயலைச் செய்யாது நிற்கின்றான் என்றோ கூறும்போது அதற்குரிய காரணம் எங்கே உள்ளது என்பது பற்றிய ஒரு முடிவும் உடன் கூறப்பட்டுவிடுகின்றது. காலில் இடறிய கல்லா, தோளில் ஏற்றிய சுமையா, தலைக்கேறிய மதுவா, உள்ளத்தின் உறுதியின்மையா என்ற வினாவுக்கு வினைச்சொல்லே விடையளித்துவிடுகின்றது. எனவே இச்சொற்களிடையே தெரிவு செய்வது ஒருவகையில் தீர்ப்பு வழங்குவதாகும். இலக்கியத்திலும் இலக்கிய விமர்சனத்திலும் அத்தீர்ப்பு எவ்வாறு வழங்கப்பட்டு வந்துள்ளது என்பதை ஆங்கில இலக்கியச் சான்றுகள் சிலவற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் உடலசைவைக் குறிக்கும் வினைகளை நோக்குதல் தகும். 'ஸ்ரகர்' என்பது அடிபட்டவனும் பெருஞ்சுமை தாங்கியவனும் நடக்கும் நடை. அவன் விழவில்லை, முன்னோக்கிச் செல்லவும் செய்கின்றான், ஆனால் அவனது அடிகள் அவன் வசத்தில் இல்லை. 'ரொற்றர்' என்பதிலோ விழுகை அண்மித்துவிட்டது. முதியோர், நடைபயிலும் குழந்தை, அத்திவாரம் இளகிய சுவர் ஆகியவற்றுக்கு அது உரியது. 'ரீல்' என்பதில் சுழற்சி உண்டு. நூல் சுற்றும் கருவியின் பெயரோடு தொடர்புடைய அச்சொல், தலைசுற்றி உலகமே சுழல்வதாகத் தோன்றும் நிலையைக் காட்டும். 'ஸ்ரம்பிள்' நிகழக் காலின்கீழ் ஏதேனும் தடை வேண்டும். 'லேர்ச்' கடலோடிகளின் வழக்கிலிருந்து வந்தது. கப்பல் திடீரென ஒருபக்கம் சாய்வதுபோன்ற அசைவு அது. 'வொபிள்' கழன்ற சக்கரத்துக்கும் கால் குட்டையான மேசைக்கும் பொருந்தும். 'டொடர்' முதுமையின் நடுக்கத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை.

இவ்வினைகளின் ஈறுகள் கருதத்தக்கவை. 'ஸ்ரகர்', 'ரொற்றர்', 'டொடர்', 'வேவர்' என்பன 'அர்' என்னும் ஒலியிலும், 'ஸ்ரம்பிள்', 'வொபிள்', 'ஹொபிள்', 'ஷம்பிள்' என்பன 'இள்' என்னும் ஒலியிலும் முடிவது தற்செயலானதன்று. ஒரு சிற்றசைவு மீண்டும் மீண்டும் நிகழ்வதை உணர்த்த ஆங்கிலத்தில் இவ்விரு ஈறுகளும் நீண்டகாலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. தமிழில் இதனையொத்த பணியை 'ஆடு' என்னும் துணைவினை ஆற்றுகின்றது. தள்ளாடு, ஊசலாடு, அல்லாடு, திண்டாடு என்பவற்றை ஒப்புநோக்கின் இது புலனாகும். ஒருமுறை தள்ளுண்டவன் தள்ளாடுவதில்லை. தள்ளுதல் இங்குமங்குமாகத் தொடரும்போதே தள்ளாட்டம் தோன்றுகின்றது.

இவ்விடத்தில் ஒரு சிறப்பான ஒற்றுமையும் உண்டு. 'ஸ்ரகர்' என்னும் வினை பழைய ஸ்கண்டினேவிய மொழியில் 'தள்ளுதல்' என்னும் பொருளுடைய அடியிலிருந்து பிறந்தது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிகள், நிலைதவறி நடப்பவனை நோக்கியபோது, அவனைத் தள்ளிய விசையிலிருந்தே அவனது நடைக்குப் பெயர் அமைத்துள்ளன. ஆயினும் இன்றைய வழக்கில் இரு சொற்களுமே செயப்படுபொருள் குன்றிய வினைகளாகவே பெரும்பாலும் வழங்குகின்றன. தள்ளாடுபவன் வாக்கியத்தின் எழுவாயாக நிற்கின்றான். தள்ளியது எது என்பது வாக்கியத்தினின்றும் மறைந்துவிடுகின்றது.

சொற்பிறப்பை வைத்துப் பொருளை முடிவுசெய்வது தவறான ஆராய்ச்சி முறை என்று இங்கு ஆட்சேபம் எழக்கூடும். அது நியாயமானதே. 'ஸ்ரகர்' என்று கூறும் ஆங்கிலேயர் எவரும் ஸ்கண்டினேவிய மூலத்தை நினைந்து கூறுவதில்லை. ஆனால் சொற்பிறப்பு எழுப்பும் வினாவைப் பயில்வு கொண்டு சோதித்தல் இயலும். யாருடைய அசைவுக்கு எந்த வினை வழங்கப்படுகின்றது, அவ்வழக்கு காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பன ஆவணச் சான்றுள்ள செய்திகள்.

3

உடலின் நிலையின்மையைக் குறிக்கும் சொற்கள் உள்ளத்தின் நிலையின்மைக்கும் ஆகிவருவது பல மொழிகளிற் காணப்படுவது. தொல்காப்பிய உரியியல் அலமரல், தெருமரல் என்னும் இரண்டனையும் சுழற்சிப் பொருளனவாகக் கூறும். பிற்கால வழக்கில் அலமரல் மனச்சுழற்சியாகவே பெரிதும் உணரப்படுகின்றது. இன்று மனநிலையை மாத்திரம் சுட்டும் 'தயங்கு' என்னும் சொல்லும் பழந்தமிழில் அசைதல், விளங்குதல் ஆகிய பொருள்களில் வழங்கியதே. ஆங்கிலத்திலோ இம்மாற்றம் வேறொரு வரலாற்றுச் சூழலால் சிக்கலடைந்தது. அம்மொழியில் உள்ளத்தின் தயக்கத்தைக் கூறுவதற்கு இலத்தீனிலிருந்து தனியாக ஒரு சொற்றொகுதி வந்து சேர்ந்தது.

'ஹெசிற்றேற்' என்பது இலத்தீனில் ஒட்டிக்கொள்ளுதல், சிக்கிநிற்றல் என்னும் பொருளுடைய அடியிலிருந்து வந்தது. 'வசிலேற்' என்பது அசைந்தாடுதலைக் குறித்த இலத்தீன் வினை. 'ஃபிளக்சுவேற்' என்பதன் மூலம் அலை என்னும் பெயர்ச்சொல். மனச்சான்றின் உறுத்தலைக் கூறும் 'ஸ்குரூப்பிள்' என்பது காலணியினுள் அகப்பட்டாற்போல் உறுத்தும் சிறு கூர்ங்கல்லின் பெயராகும். ஆக, இலத்தீனிலே இவையும் உடலைச் சார்ந்த சொற்களே. ஆயினும் இவற்றுட் பல பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் கற்றோர் வாயிலாக ஆங்கிலத்துட் புகுந்தபோது, இலத்தீன் அறியாத பெரும்பான்மையோருக்கு அவற்றின் உடல் மறைந்துவிட்டது. அவை தூய மனச்சொற்களாக, கல்வியும் தகுதியும் உடையவர்களின் சொற்களாக நிலைபெற்றன.

இதனை விவிலிய மொழிபெயர்ப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில், இறைவனின் வாக்குறுதி குறித்து ஆபிரகாம் ஐயுறவில்லை எனக் கூறப்படும் இடத்தில், இலத்தீன் விவிலியம் 'ஹெசிற்றேற்' என்பதன் மூலவினையை ஆள்கின்றது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்போ அவ்விடத்தில் 'ஸ்ரகர்' என்னும் வினையை ஆள்கின்றது. அக்காலத்தில் ஒரு குலபதியின் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு அச்சொல் தகுதியுடையதாகவே இருந்தது. 1881இல் வெளிவந்த திருத்திய பதிப்பில் அது நீக்கப்பட்டு 'வேவர்' இடம்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் 'ஸ்ரகர்' உள்ளத்துக்குரிய பொருளைப் பெருமளவு இழந்து, குடியர்க்கும் காயமுற்றோர்க்கும் உரிய சொல்லாக ஒதுங்கிவிட்டமையே இதற்குக் காரணம் எனல் பொருந்தும்.

மற்றோர் உதாரணமும் உண்டு. கர்மேல் மலையில் எலியா மக்களை நோக்கி, இரு கருத்துகளுக்கிடையே எதுவரை நொண்டித் திரிவீர்கள் என்னும் பொருள்பட வினவுவது விவிலிய வாசகர் அறிந்தது. இலத்தீனில் இது நொண்டுதலைக் குறிக்கும் வினை. தமிழ் மொழிபெயர்ப்பிலும் குந்திக்குந்தி நடத்தலாகவே அது அமைந்துள்ளது. 1611ஆம் ஆண்டுப் பதிப்பு இங்கு 'ஹோல்ற்' என்னும் வினையைக் கையாண்டது. அக்காலத்தில் அதற்கு நொண்டுதல் என்பதே பொருள். ஆனால் நிற்றல் என்னும் பொருளுடைய, வேறு மூலத்திலிருந்து வந்த, அதே வடிவமுள்ள படைத்துறைச் சொல் பின்னர் ஓங்கியமையால், மக்கள் இரு கருத்துகளுக்கு நடுவே அசையாது நிற்பதாக இன்றைய வாசகன் விளங்கிக்கொள்கின்றான். எலியாவின் ஏளனம் அங்கே தொலைந்துவிடுகின்றது. இருபக்கமும் மாறிமாறிச் சாய்ந்து நடப்போரைப் பார்த்துக் கூறியது, சிந்தனை வயப்பட்டு நிற்போரைப் பார்த்துக் கூறியதாகிவிடுகின்றது. 1952இல் வெளிவந்த அமெரிக்கத் திருத்திய பதிப்பு நொண்டுதலைக் குறிக்கும் 'லிம்ப்' என்னும் வினையை மீண்டும் கொணர்ந்தது.

யாக்கோபின் நிருபத்தில் ஐயுறுபவன் கடலலைக்கு ஒப்பிடப்படுகின்றான். 1611ஆம் ஆண்டுப் பதிப்பு 'வேவர்' என்னும் வினையையும் 'வேவ்' என்னும் பெயரையும் ஒருங்கே வைத்து, ஓசையாலேயே உவமையை உறுதிப்படுத்தியது. தமிழ் மொழிபெயர்ப்பில் அலைதல் என்னும் வினையும் அலை என்னும் பெயரும் இயல்பாகவே சேர்ந்து நிற்கின்றன. இங்கும் கருதத்தக்கது, அலை தானாக எழுவதில்லை என்பதே. காற்றினால் அலைக்கப்படுவதாக உவமை விரிகின்றது. அதாவது ஐயுறுபவனைக் குறைகூறும் அவ்விடத்திலும் அவனை அசைக்கும் விசை குறிப்பிடப்படுகின்றது.

சுருங்கக் கூறின், பதினேழாம் நூற்றாண்டுக்குப் பின்னர் ஆங்கிலத்தில் ஒருவகைத் தொழிற்பிரிவு ஏற்பட்டது. பிரபு 'ஹெசிற்றேற்' செய்கின்றான். குடித்துவிட்டு வீடு திரும்பும் கூலியாள் 'ஸ்ரகர்' செய்கின்றான். முன்னவனுக்கு உள்ளம் உண்டு. பின்னவனுக்கு உடல் மாத்திரமே உண்டு. 1852இல் ரோஜே வெளியிட்ட சொற்களஞ்சியத்தின் அமைப்பிலும் இதனைக் காணலாம். அவர் சொற்களை ஆறு பெருவகுப்புகளாகப் பிரித்தபோது, அசைவுகள் 'இடம்' என்னும் வகுப்பிலும், உறுதியின்மை 'சித்தம்' என்னும் வகுப்பிலும் அடங்கின. ஒரே குடும்பத்துச் சொற்கள் இரு வீடுகளில் வைக்கப்பட்டன.

4

இத்தொழிற்பிரிவு முற்றுப்பெறுவதற்கு முந்திய காலத்தில் எழுந்த படைப்பு என்ற வகையில் சேக்ஸ்பியரின் 'ஹம்லெற்' தனிக் கவனத்துக்குரியது. உலக இலக்கியத்திலே தயக்கத்தின் சின்னமாகக் கொள்ளப்படும் பாத்திரம் அது. ஆயினும் 'ஹெசிற்றேற்' என்னும் வினை ஆங்கிலத்தில் நிலைபெற்றது பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான். ஏறத்தாழ 1600இல் அந்நாடகத்தை ஆக்கிய சேக்ஸ்பியருக்கு அந்த ஆயத்தச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவில்லை. எனவே தயக்கத்தை அவர் உடல்களின் வாயிலாக மேடையிலே நிகழ்த்திக்காட்ட வேண்டியிருந்தது.

முதல் அங்கத்தில் நிலையற்ற அசைவு அரசனுக்கு உரியதாகின்றது. இரவு முழுதும் குடித்துக் களிக்கும் குளோடியஸின் நடனத்தோடு சேர்த்தே 'ரீல்' என்னும் சொல் அங்கே வருகின்றது. ஆட்சியிலிருப்பவனே தள்ளாடுகின்றான். இரண்டாம் அங்கத்தில் ஒபீலியாவின் அறையினுள் நுழையும் ஹம்லெற்றின் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதுவதாக அவள் தந்தையிடம் கூறுகின்றாள். அதே அங்கத்தின் இறுதிப்பகுதியில் நடிகன் ஒருவன் துரோய் நகரின் வீழ்ச்சியைப் பாடமொப்புவிக்கும்போது, முதிய பிரியாமை வெட்ட ஓங்கிய பிர்ரஸின் வாள் ஆகாயத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டதாக வருணிக்கின்றான். ஒட்டிக்கொள்ளுதல் என்னும் இலத்தீன் மூலப்பொருளை அச்சொல் இன்றியே சேக்ஸ்பியர் காட்சியாக்கிவிட்டார் எனலாம். மூன்றாம் அங்கத்தில் இக்காட்சி ஹம்லெற்றின் கையிலேயே மீள நிகழ்கின்றது. செபத்தில் இருக்கும் குளோடியஸின் பின்னால் வந்து வாளை உருவியவன், மீண்டும் அதனை உறையில் இடுகின்றான்.

விமர்சகர் பலர் போதிய கவனம் செலுத்தாத ஒன்று இக்காட்சியில் உள்ளது. இரு செயல்களுக்கிடையே அகப்பட்டு எதனை முதலிற் செய்வதென்று அறியாது எதனையும் செய்யாது நிற்பதாகத் தன்னைப்பற்றிக் கூறிக்கொள்பவன் ஹம்லெற் அல்லன், குளோடியஸே. பாவத்தின் பயனைக் கைவிடவும் இயலாது, மன்னிப்பை வேண்டாதிருக்கவும் இயலாது நிற்கும் கொலைகாரனின் நிலை அது. ஹம்லெற் வாளை உறையிலிடுவதற்குக் கூறும் காரணமோ வேறு. செபத்தின்போது கொல்லப்படுபவன் சுவர்க்கம் சென்றுவிடுவான் என்பது அவனது கணக்கு. இது கொடிய கணக்காயினும் உறுதியின்மை அன்று. ஒரே மேடையில் ஒரே நேரத்தில் அசைவற்று நிற்கும் இரு மனிதரின் நிலைகளைத் தமிழில் 'தயக்கம்' என்னும் ஒரே சொல்லாற் சுட்டிவிட்டால், நாடகம் வேறுபடுத்திக் காட்டியதை விமர்சனம் ஒன்றாக்கிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனைவியற் காலத்து விமர்சகர்கள் ஹம்லெற்றைத் தம் உருவிலே கண்டனர். கோல்றிட்ஜின் நோக்கில், புறவுலகைவிடச் சிந்தனை மேலோங்கியமையே அவனது செயலின்மைக்குக் காரணம். தம்மிடத்தும் ஹம்லெற்றின் சாயல் சிறிது உண்டு என்று அவர் கூறியதும் பலரறிந்தது. இவ்வழிவந்த நோக்கின் உச்சம், 1948இல் லோரன்ஸ் ஒலிவியே இயக்கி நடித்த திரைப்படத்தின் தொடக்கத்தில், மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள இயலாத ஒரு மனிதனின் அவலம் இது என்று பார்வையாளருக்கு அறிவிக்கப்பட்டமையாகும். இங்கே தயக்கம் ஒரு தனிமனிதனின் நோயாகச் சுருங்கிவிட்டது.

நாடகமோ இவ்வாறு சுருங்கவில்லை. திரைச்சீலையின் பின்னால் நின்ற பொலோனியஸைக் குத்திக் கொல்வதற்கும், தன்னைக் கொலைக்களத்துக்கு இட்டுச்சென்ற தோழர் இருவரின் ஓலையை மாற்றி எழுதுவதற்கும், கடற்கொள்ளையரின் கப்பலில் முதல் ஆளாகப் பாய்வதற்கும் ஹம்லெற்றுக்குக் கணப்பொழுதும் தேவைப்படவில்லை. அவன் தாமதிப்பது, ஆவியொன்றின் வாக்குமூலத்தைத் தவிர வேறு சாட்சியமற்ற நிலையில் ஓர் அரசனைக் கொல்லும் பணியிலேதான். அரண்மனை முழுதும் ஒற்றர் மலிந்துள்ளனர். மந்திரி திரைக்குப் பின்னால் நிற்கின்றான், பள்ளித் தோழர்கள் அரசனின் ஏவலராக வருகின்றனர், காதலியும் கருவியாக்கப்படுகின்றாள். டென்மார்க்கைச் சிறைக்கூடமாக அவன் கூறுவது வெறும் மனப்பிரமையன்று. சாட்சியத்தைச் சோதிக்க நாடகத்துள் நாடகம் ஒன்றை அவன் அமைப்பது நியாயமான ஒரு மனிதனின் செயலாகும். அவனது தாமதத்தில் சிந்தனையின் பங்கு அறவே இல்லையென்பதன்று. செயலின் விளைவை அளவுக்குமீறி நுணுகி நோக்குவதாக அவனே தன்னைக் கடிந்துகொள்ளும் தனிமொழி 1604ஆம் ஆண்டுப் பதிப்பில் உண்டு. 1623ஆம் ஆண்டின் தொகுப்பில் அது இல்லை. ஆனால் அவனைத் தள்ளும் விசைகளை முற்றாக நீக்கிவிட்டு மனத்தை மாத்திரம் எஞ்சவைக்கும் விமர்சனம், நாடகத்தின் பாதியை வாசிக்காது விட்ட விமர்சனமேயாகும்.

5

தனிமனிதனிலிருந்து கூட்டத்துக்கு வரும்போது இவ்வினைகளின் தீர்ப்புத் தன்மை மேலும் கூர்மையடைகின்றது. போர்ச் செய்திகளின் ஆங்கிலத்தில் படையணி 'வேவர்' செய்தது, 'ஃபோல்ற்றர்' செய்தது என்பன இகழ்ச்சிக்குரிய கூற்றுகள். 'ஃபோல்ற்றர்' என்பது தொடங்கிய செயல் நடுவிலே வலுவிழத்தல். மில்டன் 'இழந்த சுவர்க்க'த்தின் ஒன்பதாம் பாகத்தில், ஏவாளின் வீழ்ச்சியை அறியுமுன்னரே ஆதாமின் இதயத்துடிப்பு லயம் பிசகியதைக் கூற அச்சொல்லை ஆண்டார். அங்கே அது அன்பின் முன்னுணர்வு. போர்க்களத்திலோ அது குற்றச்சாட்டு.

ரெனிசன் 1854இல் வெளியிட்ட இலகு குதிரைப் படையின் பாய்ச்சல் பற்றிய கவிதை இவ்வகையில் ஆராயத்தக்கது. கிரிமியப் போரில் தவறான கட்டளையொன்றினால் பீரங்கிகளின் வாயினுள் அனுப்பப்பட்ட குதிரைவீரரைப் புகழ்வது அது. கட்டளையிற் பிழை நேர்ந்தமையைக் கவிஞர் மறைக்கவில்லை. ஆயினும் வீரர் எவரும் கலங்கவில்லை என்கின்றார். அவர்கள் பாய்கின்றனர், வெட்டுகின்றனர், வீழ்கின்றனர், தள்ளாடுவதில்லை. கவிதையில் 'ரீல்' என்னும் வினை ஓரிடத்தில் வருகின்றது. வாள்வீச்சினால் சுழன்று பின்வாங்கும் எதிரிகளான கொசாக்கியருக்கும் உருசியருக்கும் அது உரியதாக்கப்படுகின்றது. நிலைதவறிய உடல் எதிரியின் உடலாக மாத்திரமே இருத்தல் வேண்டும் என்பது அரசவைக் கவிஞரின் பிரக்ஞையில் ஊறியிருந்த விதி எனலாம். தம் பக்கத்தவருக்கு நிமிர்ந்த மரணம் மாத்திரமே அனுமதிக்கப்படுகின்றது.

அறுபது ஆண்டுகளின் பின்னர் இவ்விதி உடைக்கப்பட்டது. முதலாம் உலகப்போரில் அதிர்ச்சியுற்று எடின்பரோவுக்கு அண்மையிலுள்ள கிரெய்க்லொக்ஹாட் படை மருத்துவமனையில் 1917இல் சிகிச்சை பெற்ற வில்பிரட் ஓவன் அங்கே எழுதத் தொடங்கி, அவர் இறந்தபின் 1920இல் அச்சேறிய நச்சுவாயுக் கவிதை ஆங்கிலப் போர்க்கவிதையின் வினைச்சொற்களையே மாற்றியது. போர்முனையிலிருந்து திரும்பும் படையினர் முதிய பிச்சைக்காரர்போல் கூனி, முழங்கால் தட்டுப்படச் செல்கின்றனர். அணிநடை என்னும் சொல் அங்கே ஒருமுறை வருகின்றதெனினும், அவர்கள் உறங்கியவாறு நடக்கின்றனர். அடுத்து, காலணி இழந்தோர் குருதியே காலணியாக நொண்டுகின்றனர். நச்சுவாயு வந்ததும் முகமூடிகளை அணியக் கைகள் தடவித் தடுமாறுகின்றன. ஒருவன் இடறுகின்றான், நெருப்பிலோ சுண்ணாம்பிலோ அகப்பட்டவன்போல் தத்தளிக்கின்றான், பசிய கடலினுள் அமிழ்பவனாகக் காட்சியளிக்கின்றான்.

ரெனிசன் எதிரிக்கு ஒதுக்கிய உடலை ஓவன் தம் தோழருக்கு உரியதாக்கினார். அத்துடன் ஒவ்வொரு நிலைதவறலுக்கும் காரணத்தைப் பக்கத்திலேயே வைத்தார். நொண்டுவது காலணி இன்மையால். தடுமாறுவது நச்சுவாயுவால். வீரர்கள் வெறியேறியவர்போல் நடக்கின்றனர் என்னும்போது, அவ்வெறி களைப்பினால் ஏறியது என்றும் உடன் கூறுகின்றார். குடியரைச் சார்ந்த இகழ்ச்சிச் சொல்லொன்று இவ்விடத்தில் இகழப்பட்டோர் சார்பில் சாட்சியமாக மாறிவிடுகின்றது. செயப்படுபொருள் குன்றிய வினைகள் மறைத்துவிடும் விசையைக் கவிதை மீண்டும் வாக்கியத்தினுள் கொணர்கின்றது.

கவிதையின் மொழியமைப்பும் இதற்கு இயைபானது. உடலுக்குரிய பழைய ஆங்கிலச் சொற்கள் நிரம்பிய அடிகளின் முடிவில், தாய்நாட்டுக்காக மடிதல் இனியது, சிறப்பானது என்னும் கருத்துடைய ஹொரேசின் இலத்தீன் வாசகம் எடுத்துக்காட்டப்பட்டுப் பொய் எனப் பெயரிடப்படுகின்றது. உள்ளத்தையும் உயர்நிலையையும் இலத்தீனுக்கும், உடலையும் இழிநிலையையும் நாட்டுச் சொற்களுக்கும் ஒதுக்கிய நீண்டகாலத் தொழிற்பிரிவை அக்கவிதை தலைகீழாக்குகின்றது. பாடசாலையில் இலத்தீன் பயின்றவன் கட்டளையிட, பயிலாதவன் சேற்றில் இடறிய ஒரு சமுதாயத்திலே இது வெறும் நடையுத்தியாக அமையவில்லை. ஓவன் 1918 நவம்பர் 4இல், போர் ஓய்வதற்கு ஒரு கிழமைக்கு முன்னர், களத்தில் கொல்லப்பட்டார்.

இவ்வினைகளிடையேயான தெரிவு உயிரையே தீர்மானித்த சந்தர்ப்பங்களும் அப்போரில் இருந்தன. குண்டதிர்ச்சி என்னும் பெயர் 1915இல் சாள்ஸ் மையர்ஸ் என்னும் மருத்துவரின் கட்டுரை வாயிலாக மருத்துவ ஏட்டில் இடம்பெற்றது. ஒரே நடுக்கத்தை மருத்துவர் வெளியிலிருந்து வந்த அதிர்ச்சியின் விளைவாகக் கண்டார். படை நீதிமன்றம் உள்ளத்தின் கோழைத்தனமாகக் காணக்கூடியதாயிருந்தது. களத்தை விட்டகன்றமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட பிரித்தானிய, பொதுநலவாயப் படையினர் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம் மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு நாடாளுமன்றம், அம்மனிதரின் நிலைதவறலுக்கான காரணத்தை அவர்களின் உள்ளத்திலிருந்து அகற்றிப் போரின்மேல் ஏற்றியது என்று இதனைக் கொள்ளலாம்.

6

நிகழ்கால ஆங்கிலத்தில் இச்சொற்கள் அரசியலுக்கும் பொருளாதாரத்துக்கும் பெரிதும் ஆகிவந்துள்ளன. ஆட்சிகள் 'ரொற்றர்' செய்கின்றன. கட்சிகள் ஒருபக்கமாக 'லேர்ச்' செய்கின்றன. வளர்ச்சி 'ஃபோல்ற்றர்' செய்கின்றது. 1990இல் வளைகுடா நெருக்கடியின்போது பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தச்சர் அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷுக்கு, இது தளம்புவதற்குரிய நேரமன்று என்று கூறியபோது ஆண்ட சொல் 'வொபிள்' என்பதன் அடியாகப் பிறந்தது. போருக்குச் செல்லுமுன் ஆலோசித்தலை அது கால் குட்டையான மேசையின் ஆட்டத்துக்கு நிகராக்கிவிட்டது. வளர்ச்சி தளர்ந்தது என்று எழுதும் பொருளாதார அறிக்கைகளிலும் இவ்வாறே. யாருடைய தீர்மானத்தால் தளர்ந்தது, யார் வேலையிழந்தனர் என்பன வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இலக்கியத்தையும் விமர்சனத்தையும் பெயர்ப்போரும், ஆங்கில விமர்சன நூல்களைத் தமிழில் எடுத்தாளும் மாணவரும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். தமிழில் இதற்குரிய சொற்கள் குறைவல்ல. செயலைத் தொடங்குமுன் நிற்பவன் தயங்குகின்றான், தொடங்கியபின் வலுவிழப்பவன் தளர்கின்றான், இரண்டனிடையே மாறிமாறிச் செல்பவன் ஊசலாடுகின்றான், காலிற் கல் பட்டவன் இடறுகின்றான், நீரில் அகப்பட்டவன் தத்தளிக்கின்றான், வழியறியாது சுழல்பவன் அலமருகின்றான், தள்ளுண்டவன் தள்ளாடுகின்றான். மூலத்தில் ஒரு வினை நேரும்போது, அதற்கு அகராதி தரும் முதற் சொல்லை இடுமுன், அவ்வசைவின் காரணத்தை ஆசிரியர் எங்கே வைத்துள்ளார் என்று நோக்கினால் உரிய சொல் பெரும்பாலும் தானே கிடைக்கும்.

விமர்சகனுக்கும் இது பொருந்தும். பாத்திரம் ஒன்று உறுதியற்றது, தடுமாறுகின்றது, சஞ்சலமுடையது என்று எழுதுவது பல்கலைக்கழக விடைத்தாள்களிலும் நூல் மதிப்புரைகளிலும் மலிந்து காணப்படும் முடிவு. அம்முடிவு சில இடங்களிற் சரியாகவும் இருக்கலாம். ஆயினும் சுமை, அடி, பசி, அச்சம், சாட்சியமின்மை ஆகியவற்றுள் எதுவும் அப்பாத்திரத்தைத் தள்ளவில்லை என்று படைப்பைக் கொண்டு நிறுவிய பின்னரே அவ்வாறு எழுதும் உரிமை விமர்சகனுக்கு உண்டு.